பேர் சொல்ற டிடெக்டிவ் ஆகணுமா? எங்க ஆரம்பிச்சு எந்த வரிசைல போகணும்: முழுமையான வழிகாட்டி

டிடெக்டிவ் ஆகணும்னு ஆசையோட எங்க ஆபீஸ் படி ஏறி வர்ற பசங்க முக்காவாசி பேர் ஒரே இடத்துலதான் சறுக்குறாங்க. முதல் நாளே பைக்கை எடுத்துட்டு யாரையாவது ஃபாலோ பண்ணணும்னு நினைக்கிறாங்க. ஃபாலோ பண்றது இந்த லிஸ்ட்ல எட்டாவது படி, அதுக்கு முன்னாடி ஏழு படி இருக்கு, அதுல எதை தாண்டிக் குதிச்சாலும் ஒண்ணு வேலை போகும் இல்ல கேஸ் வரும். சென்னைல 11 வருஷமா ஃபீல்ட்ல இருக்கேன், நிறைய பேருக்கு டிரெயினிங் கொடுத்திருக்கேன், அந்த வரிசையை அப்படியே எழுதுறேன்.

1. எந்த டிடெக்டிவ்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கொலை, கொள்ளை கேஸ் கண்டுபிடிக்கணும்கறதுதான் உங்க ஆசைன்னா பிரைவேட் டிடெக்டிவ் வேலை உங்களுக்கு இல்ல. நம்ம நாட்டுல அந்த விசாரணை போலீஸோட அதிகாரம், எங்களுக்கு யாரையும் அரெஸ்ட் பண்ணவோ வீட்டை சோதனை போடவோ ஸ்டேஷனுக்கு கூப்பிடவோ ஒரு சதவீதம் கூட அதிகாரம் கிடையாது. அந்த ரூட்டுக்கு டிகிரி முடிச்சிட்டு தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தோட எஸ்.ஐ. எக்ஸாம் எழுதணும், இல்லன்னா எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். எழுதுனா அதுல சி.பி.ஐ. சப்-இன்ஸ்பெக்டர் போஸ்ட் இருக்கு. இதுக்கு வயசு வரம்பு உண்டு, அதனாலதான் இதை முதல் படியா வெச்சேன். 32 வயசுல வந்து "எனக்கு கிரைம் கேஸ்தான் வேணும்"னு சொன்ன ஒரு தம்பியை பாத்து எனக்கே மனசு கஷ்டமா போச்சு.

பிரைவேட்ல என்ன வரும்? கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை பொண்ணு பத்தி விசாரிக்கிறது, விவாகரத்து வழக்குக்கு தகவல் திரட்டுறது, கம்பெனிக்கு வேலைக்கு சேர்றவங்க சொன்னதெல்லாம் உண்மையான்னு பாக்குறது, குடோன்ல சரக்கு எப்படி காணாம போகுதுன்னு பாக்குறது, போலி சரக்கு எங்க தயாராகுதுன்னு தேடுறது, காணாம போனவங்களை தேடுறது. இதுல உங்களுக்கு உண்மையா ஆர்வம் இருந்தா மேல படிங்க.

2. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

டூவீலர் லைசென்ஸ், எந்த கூட்டத்துலயும் தனியா தெரியாத ஒரு பழைய பைக், நல்ல பேட்டரி நிக்கிற போன், பவர் பேங்க், சின்ன நோட்டு, ரெண்டு பேனா. பேனா கேமரா, பட்டன் கேமரான்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு வராதீங்க. இருட்டுல எடுத்தா முகமே தெரியாது, மாட்டுனா அதுதான் உங்களுக்கு எதிரா முதல் சாட்சி.

படிப்புன்னு பாத்தா எந்த டிகிரியும் ஓகே. சென்னை பல்கலைக்கழகத்துலயும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துலயும் கிரிமினாலஜி துறை இருக்கு, கிடைச்சா நல்லது, இல்லன்னா குறை ஒண்ணும் இல்ல. அதை விட முக்கியம் ஆறு மாசம் சம்பளம் கம்மியா வந்தாலும் வீடு ஓடுமாங்கறது. ஏன்னா காசு கஷ்டத்துல இருக்கறவங்கதான் "போன் டீடெயில் எடுத்துக் கொடு, அஞ்சாயிரம் தர்றேன்"ங்கற ஆளுக்கு தலையாட்டுவாங்க.

3. சட்டம் – இதை முடிக்காம வெளிய கால் வைக்காதீங்க

இந்தியாவுல பிரைவேட் டிடெக்டிவுக்குன்னு தனி லைசென்ஸ் கிடையாது. 2007ல ராஜ்யசபாவுல ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, அது சட்டமா ஆகவே இல்ல. 2005ல வந்த செக்யூரிட்டி ஏஜென்சி சட்டம் காவலாளிங்களுக்கானது, நமக்கு இல்ல. இதை கேட்டதும் புதுசா வர்றவங்க "அப்போ எதுவும் பண்ணலாமா"னு சந்தோஷப்படுறாங்க, விஷயம் நேர் எதிர். லைசென்ஸ் இல்லன்னா உங்களுக்குன்னு தனி பாதுகாப்பும் இல்லன்னு அர்த்தம், சாதாரண ஆள் பண்ணா எது குற்றமோ அது நீங்க பண்ணாலும் குற்றம்.

மனப்பாடமா தெரிஞ்சிருக்க வேண்டியது இவ்ளோதான்:

போலீஸ், ஈ.பி. ஆபீஸ், கார்ப்பரேஷன்ல இருந்து வர்றோம்னு சொல்லக்கூடாது, அரசு ஊழியர் மாதிரி நடிக்கிறது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த சட்டம்) 204வது பிரிவுல குற்றம்.

அடுத்தவங்க பாஸ்வேர்டு போட்டு வாட்ஸ்அப், மெயில் திறக்கிறது தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) சட்டம் 66சி. மனைவி போனை புருஷனே கொண்டு வந்து கொடுத்தாலும் தொடாதீங்க.

ஒரு பொண்ணை விடாம பின்தொடர்ந்து தொடர்பு கொள்றது, அவங்க நெட்ல என்ன பண்றாங்கன்னு கண்காணிக்கிறது நியாய சன்ஹிதா 78. குற்றத்தை தடுக்க அரசாங்கம் பொறுப்பு கொடுத்த ஆளுக்கு அதுல விலக்கு உண்டு, நமக்கு அந்த விலக்கு கிடையாது.

அப்புறம் கால் டீடெயில் ரெக்கார்டு, அதாவது சி.டி.ஆர்., ஒரு நம்பர்ல இருந்து யார்கிட்ட எப்போ பேசினாங்கங்கற டெலிகாம் கம்பெனி பதிவு. இந்த தொழில்ல அதிகம் பேர் அழிஞ்சது இதனாலதான். 2018ல மகாராஷ்டிராவுல தானே நகர போலீஸ் ஒரு சி.டி.ஆர். விற்பனை கும்பலை பிடிச்சப்போ அதுல பிரைவேட் டிடெக்டிவுங்க வரிசையா அரெஸ்ட் ஆனாங்க. போன் ஒட்டுக் கேக்கறது, டவர் லொகேஷன் வாங்கறது எல்லாம் இதே கணக்குதான். யாராவது "எனக்கு டெலிகாம்ல ஆள் இருக்கு"ன்னு சொன்னா அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துடுங்க.

கோர்ட்டும் இதுல ஒரே நிலையா இல்ல. 2024 அக்டோபர்ல ஐகோர்ட் மதுரை கிளை, மனைவியோட கால் ரெக்கார்டை புருஷன் திருட்டுத்தனமா எடுத்துட்டு வந்தா ஆதாரமா ஏத்துக்க முடியாது, தம்பதிக்குள்ளயும் அந்தரங்க உரிமை உண்டுன்னு சொல்லிச்சு. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழக்குல, கணவன் மனைவி ரகசியமா பதிவு பண்ண உரையாடலை குடும்ப வழக்குல பாக்கலாம்னு சொல்லிச்சு. அதுக்காக மூணாவது ஆளான நம்ம போய் ரெக்கார்டு பண்ணலாம்னு அர்த்தம் இல்ல, அதனால ஒவ்வொரு குடும்ப கேஸ்லயும் கிளையண்டோட வக்கீல் கிட்ட பேசாம நகராதீங்க.

4. முப்பது நாள் நோட்டுப் பயிற்சி

தினமும் ஒரே டீக்கடைல அரை மணி நேரம் உக்காருங்க. யார் வந்தா, எத்தனை மணி, என்ன போட்டிருந்தா, வண்டி நம்பர் என்ன, எந்தக் கைல டீ கிளாஸ் பிடிச்சான், எந்தப் பக்கம் போனான். அங்க எழுதக்கூடாது, வீட்டுக்கு வந்து ஞாபகத்துல இருந்து எழுதணும். வயசு, உயரம் எழுதுறப்ப "நடுத்தரம்"னு எழுதாதீங்க, "கடை ஷட்டர் பூட்டுக்கு அவர் தோள் சரியா இருந்துச்சு"ன்னு எழுதுங்க, மறுநாள் போய் அந்த பூட்டோட உயரத்தை பாத்துக்கலாம்.

முதல் வாரம் பாதி தப்பா வரும், பரவால்ல. எனக்கு ரெண்டாவது வாரத்துலதான் புரிஞ்சுது, நான் பாத்ததை எழுதல, நினைச்சதை எழுதிட்டு இருந்தேன்னு. "கோவமா போனாரு"ன்னு எழுதியிருந்தேன். நான் பாத்தது என்னன்னா அவர் பாதி டீயை வெச்சிட்டு மீதி சில்லறை வாங்காம போனாரு, அவ்ளோதான். அவருக்கு பஸ் வந்திருக்கலாம். இந்த வித்தியாசம் கைக்கு பழகலன்னா பின்னாடி எழுதுற ரிப்போர்ட் எல்லாமே கெட்டுப் போகும், அதனாலதான் இதுக்கு ஒரு மாசம்.

5. உக்காந்த இடத்துல கிடைக்கிற தகவல்

வெளிய போறதுக்கு முன்னாடி பொதுவுல இருக்கிற பதிவுகளை தேடுங்க. பாதி கேஸ் இங்கயே முடியும், கிளையண்டுக்கு செலவும் மிச்சம்.

ஒருத்தர் "சொந்த கம்பெனி வெச்சிருக்கேன்"னு சொன்னா கம்பெனி விவகார அமைச்சகத்தோட தளத்துல அது எப்போ பதிவாச்சு, டைரக்டர் யாரு, இப்போ இயங்குதா இல்ல நீக்கிட்டாங்களான்னு தெரியும். இ-கோர்ட்ஸ்ங்கற கோர்ட் வழக்கு விவர தளத்துல பேரும் வருஷமும் போட்டா சிவில் வழக்கு, செக் பவுன்ஸ் வழக்கு வரும். சொந்த வீடுன்னு சொன்னா பதிவுத்துறை தளத்துல வில்லங்கம் போட்டுப் பாருங்க, நிலம்னா பட்டா சிட்டா. வாக்காளர் பட்டியல்ல வீட்டு நம்பரும் கூட யார் யார் பேர் இருக்குங்கறதும் இருக்கும். அரசு அலுவலக பதிவுன்னா ஆர்.டி.ஐ., பத்து ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் சொல்லணும், ஆனா மூணாவது ஆளோட சொந்த விவரம் கேட்டா தர மாட்டாங்க.

இங்க பண்ற பெரிய தப்பு பேர் ஒற்றுமை. தமிழ்நாட்டுல "எஸ். குமார்"னு தேடுனா நூறு பேர் வருவாங்க. அப்பா பேரு, வயசு, ஊரு மூணும் பொருந்தாம எதையும் ரிப்போர்ட்ல ஏத்தாதீங்க, வேற ஒரு குமாரோட செக் பவுன்ஸ் கேஸ் நல்ல மாப்பிள்ளை தலைல விழுந்துடும்.

6. ஏஜென்சில சேர்றது

தனியா ஆரம்பிக்காதீங்க. குறைஞ்சது ரெண்டு வருஷம் ஒரு ஏஜென்சில இருங்க, ஏன்னா கிளையண்ட் கிட்ட பேசறது, விலை சொல்றது, வேண்டாம்னு சொல்றது எல்லாம் பாத்து கத்துக்கற விஷயம்.

சேரும்போது மூணு கேள்வி கேளுங்க: ரிப்போர்ட் மாதிரி ஒண்ணு பேரை மறைச்சு காட்டுவீங்களா, கிளையண்ட் கூட எழுத்துல ஒப்பந்தம் போடுவீங்களா, ஃபீல்ட்ல பிரச்சனைன்னா வக்கீல் யாரு. மூணுக்கும் நேரா பதில் வரலன்னா வேற இடம் பாருங்க. டிரெயினிங் ஃபீஸ்னு பெரிய தொகை வாங்கிட்டு போலீஸ் கார்டு மாதிரியே சிங்க முத்திரை போட்ட ஐடி கார்டு கொடுக்கற இடம் இருக்கு, அந்த கார்டை ஒரு செக்போஸ்ட்ல காட்டுனா போதும் உங்க வாழ்க்கை முடிஞ்சிடும்.

7. அக்கம்பக்கத்துல பேசி விசாரிக்கிறது

புதுசா வர்றவங்க பொய்க்கதை தயார் பண்றதுலயே ஒரு நாள் செலவு பண்றாங்க. நம்ம ஊர்ல அது பெரும்பாலும் தேவையே இல்ல. வரன் விசாரணைன்னா "பொண்ணு வீட்டு சார்பா வந்திருக்கோம்மா, பையனைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க"ன்னு சொன்னா போதும், காலங்காலமா சொந்தக்காரங்க பண்ற வேலைதான் இது, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. என்னை மாதிரி பொம்பளைங்க போனா தண்ணி கொடுத்து உக்கார வெச்சே பேசுவாங்க, அதனால இந்த வேலைக்கு வர நினைக்கிற பொண்ணுங்க தயங்கவே வேண்டாம்.

யார்கிட்ட போறதுங்கறதுதான் விஷயம். எல்லாரும் நேரா வாட்ச்மேன் கிட்ட போறாங்க, அவரு அன்னைக்கு சாயங்காலமே அந்த வீட்டுக்கு சொல்லிடுவாரு. நான் இஸ்திரி வண்டிக்காரர் கிட்ட போவேன். எந்த வீட்டுல எத்தனை பேரு, யார் ஆபீஸ் போறாங்க, எப்போல இருந்து சட்டை அயர்னுக்கு வர்றது நின்னுச்சு எல்லாம் அவருக்கு தெரியும். ஒரு தடவை அசோக் நகர்ல, பையன் ஐ.டி.ல வேலைன்னு சொல்லியிருந்தாங்க, இஸ்திரி அண்ணன் கரியை விசிறிக்கிட்டே "முன்னாடி வாரத்துக்கு அஞ்சு சட்டை வரும்மா, தீபாவளிக்கு அப்புறம் வேட்டி மட்டும்தான் வருது, அதுவும் பெரியவரோடது"ன்னாரு. வேலை போச்சுன்னு நான் எழுதல, வீட்டுல இருந்து வேலை பாக்கலாமே. ஆனா எங்க தேடணும்னு தெரிஞ்சுது, அந்த கம்பெனிலயே முறையா கேட்டு உறுதி பண்ணோம்.

"அவர் குடிப்பாரா?"ன்னு கேக்காதீங்க. பிடிச்சவன் சேச்சேம்பான், பிடிக்காதவன் குடத்தோட குடிப்பான்னு சொல்லுவான். "ராத்திரி எத்தனை மணிக்கு வருவாரு?"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க, அந்த மௌனம் தாங்காம அவங்களே மீதியை சொல்லுவாங்க. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேர் ஒரே விஷயத்தை சொல்ற வரைக்கும் அது தகவல் இல்ல, பேச்சு.

8. ஃபாலோ பண்றது

முந்தின நாளே இடத்தை போய் பாருங்க. அபார்ட்மெண்ட்டுக்கு எத்தனை கேட், தெரு எந்தப் பக்கம் ஒன்வே, பைக்கை எங்க நிறுத்துனா யாரும் கேக்க மாட்டாங்க. பைக்கை வெளிய போற பக்கமா திருப்பி நிறுத்துங்க, அவர் கிளம்புனதும் வண்டியை திருப்பிட்டு இருந்தா அதுலயே ஆள் போயிடுவார். டேங்க் ஃபுல்லா இருக்கணும். மெட்ரோ கார்டுல காசு போட்டு வெச்சுக்கோங்க, சப்ஜெக்ட், அதாவது நாம ஃபாலோ பண்ற ஆள், ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சப்புறம் டிக்கெட் கியூல நிக்க முடியாது.

குறைஞ்சது ரெண்டு பேர், ரெண்டு வண்டி. ஒருத்தர் பின்னாடி, இன்னொருத்தர் பக்கத்து தெருலயோ முன்னாடியோ, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாத்திக்கணும். அவர் யூ டர்ன் போட்டா நீங்க போடாதீங்க, நேரா போய் இன்னொரு ஆளுக்கு சொல்லுங்க. சிக்னல் ஜம்ப் பண்ணாதீங்க, ஆளை விட்டா நாளைக்கு பிடிச்சுக்கலாம், பாத்துட்டார்னா கேஸே போச்சு. அடுத்தவங்க வண்டில ஜி.பி.எஸ். ஒட்டுறது வேண்டவே வேண்டாம்.

யாரும் சொல்லித் தராத ஒண்ணு: டீக்கடைல ஜி-பே போடாதீங்க. மூணு மணி நேரம் ஒரே கடைல உக்காந்து நாலு டீ குடிச்சு நாலு தடவை போன்ல காசு போட்டா கடைக்காரர் போன்ல உங்க முழு பேரும் நாலு தடவை வரும். சில்லறை வெச்சுக்கோங்க.

பொது இடத்துல கண்ணுக்கு தெரியறதை மட்டும் பாருங்க. வீட்டுக்குள்ள, ஓட்டல் ரூம்ல, ஜன்னல் வழியா எதையும் எடுக்கவே கூடாது, கிளையண்ட் எவ்ளோ கெஞ்சினாலும் சரி.

9. ஆதாரமும் ரிப்போர்ட்டும்

போட்டோ எடுத்ததும் கிளையண்டுக்கு வாட்ஸ்அப்ல தட்டிவிடறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. அது போட்டோவை சுருக்கிடும், எப்போ எங்க எடுத்ததுங்கற உள்விவரமும் போயிடும். ஒரிஜினல் ஃபைலை அப்படியே வெச்சு, அன்னைக்கு ராத்திரியே அதுக்கு ஹேஷ் மதிப்பு எடுத்து எழுதி வைங்க. ஹேஷ்ங்கறது அந்த ஃபைலோட கைரேகை மாதிரி, ஒரு புள்ளி மாறுனாலும் மாறிடும். 2024 ஜூலை 1ல இருந்து அமலுக்கு வந்த புது சாட்சிய சட்டம், பாரதிய சாட்சிய அதினியம், 63வது பிரிவுல டிஜிட்டல் ஆதாரத்துக்கு கொடுக்கிற சான்றிதழ்லயே ஹேஷ் குறிப்பிடணும், ரெண்டு பாகம் இருக்கும், ஒண்ணு நீங்க நிரப்பறது, இன்னொண்ணு நிபுணர் நிரப்பறது.

ரிப்போர்ட்ல நேரம், இடம், பாத்தது. "மாலை 6.42, சப்ஜெக்ட் கேட்டுக்கு வெளிய வந்தார், நீல சுடிதார் போட்ட சுமார் 25 வயசு பெண் பைக்ல பின்னாடி ஏறினார்." அவ்ளோதான், அவங்க யாருன்னு தெரியற வரைக்கும் அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. எங்க கிட்ட சேர்ந்த ஒரு பையன் இதே மாதிரி சீனுக்கு "காதலியுடன் சென்றார்"னு எழுதிட்டான். நல்லவேளை ரிப்போர்ட் வெளிய போறதுக்கு முன்னாடி நான் பாத்தேன், ரேஷன் கார்டு அளவுக்கு குடும்ப விவரம் தேடிப் பாத்தா அது அவரோட சித்தி பொண்ணு, தங்கச்சி முறை. அந்த ஒரு வார்த்தை போயிருந்தா நிச்சயம் பண்ண கல்யாணம் நின்னிருக்கும்.

10. எந்த கேஸை எடுக்கக் கூடாது

இதை எல்லாத்தையும் விட நிதானமா படிங்க. ஆளை கண்டுபிடிக்கற திறமை வந்தப்புறம்தான் ஆபத்தே ஆரம்பிக்குது.

நான் சேர்ந்து ரெண்டாவது வருஷம், தங்கச்சி காணோம்னு ஒரு அண்ணன் வந்தார், அழுதார், போட்டோ கொடுத்தார். நாலு நாள்ல திருப்பூர் பக்கம் ஒரு வாடகை வீட்டுல இருக்கறதை கண்டுபிடிச்சு அட்ரஸை கொடுத்துட்டேன், ரொம்ப பெருமையா இருந்துச்சு. மறுநாள் அந்த வீட்டு ஓனரம்மா எனக்கு போன் பண்ணி திட்டினப்போதான் விஷயம் தெரிஞ்சுது: அந்தப் பொண்ணு வேற சாதிப் பையனை கல்யாணம் பண்ணிட்டு உயிருக்கு பயந்து ஒளிஞ்சிருந்திருக்கா, ரெண்டு கார்ல ஆளுங்க வந்திருக்காங்க. ஓனரம்மா பின்பக்கமா அவங்களை அனுப்பி வெச்சதால தப்பிச்சாங்க. உடுமலைப்பேட்டைல 2016ல வேற சாதிப் பொண்ணை கல்யாணம் பண்ணதுக்காக சங்கரை நடுரோட்ல வெட்டிக் கொன்னது தெரிஞ்ச ஊர்ல இருந்துக்கிட்டு நான் அந்த அட்ரஸை கொடுத்தேன். இன்னைக்கும் அந்த போன் கால் என் காதுல இருக்கு.

அன்னைக்கு வெச்ச விதி இது, என்கிட்ட வேலை பாக்கற எல்லாருக்கும் இதுதான் விதி: காணாம போனவங்க 18 வயசுக்கு மேலன்னா, கண்டுபிடிச்சதும் முதல்ல அவங்ககிட்டதான் பேசணும். அவங்க சம்மதிச்சா மட்டும்தான் அட்ரஸ். இல்லன்னா கிளையண்டுக்கு "நல்லா இருக்காங்க, தொடர்பு கொள்ள விருப்பம் இல்ல"ன்னு ஒரே வரி. இதை ஒப்பந்தத்துலயே முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்குங்க. வயசு வந்த ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்க குடும்பமோ ஊரோ சம்மதிக்கணும்னு அவசியம் இல்லன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 18க்கு கீழன்னா முதல்ல போலீஸ் புகார், அப்புறம்தான் நம்ம.

அதே மாதிரி முன்னாள் காதலியை தேடுறவன், கோர்ட் தடை உத்தரவு இருக்கற புருஷன், காரணம் சொல்லாம மூணு மடங்கு பணம் தர்றேங்கறவன், மூணு பேரையும் வாசல்லயே அனுப்பிடுங்க. கிளையண்டோட அடையாள அட்டை வாங்காம எந்த கேஸும் எடுக்காதீங்க, அவருக்கும் அந்த ஆளுக்கும் என்ன உறவுன்னு நீங்களே ஒரு தடவை சரிபாருங்க.

11. சொந்த ஏஜென்சி

ரெண்டு மூணு வருஷம் ஆச்சுன்னா தனியா ஆரம்பிக்கலாம். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசு பதிவு) இலவசம். வருஷ டர்ன்ஓவர் 20 லட்சம் தாண்டுனா ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், நம்ம சேவைக்கு 18 சதவீதம். ஒப்பந்தத்துல என்ன வேலை, எத்தனை நாள், என்ன பண்ண மாட்டோம் மூணும் இருக்கணும். ரிசல்ட்டுக்கு காசு வாங்காதீங்க, நாளுக்கு வாங்குங்க, "தப்பு கண்டுபிடிச்சா இவ்ளோ"ன்னு பேசுனா உங்க கண்ணு தப்பை மட்டும்தான் தேடும். ஒண்ணும் இல்லங்கற ரிப்போர்ட்டுக்கும் அதே காசு.

12. பேர் வாங்கறது

ஆசைப்பட்டது இதுக்குத்தானே, அதுல தப்பே இல்ல. ஆனா வரிசை முக்கியம். முகம் டி.வி.ல வந்த அன்னைக்கோட நீங்க தெருவுல நின்னு பாக்கற வேலை முடிஞ்சுது. ஒரு தெரிஞ்சவங்க மூணாவது வருஷமே பேட்டி கொடுத்தாங்க, அடுத்த மாசம் ஒரு சப்ஜெக்ட் ரோட்டை கிராஸ் பண்ணி வந்து "நீங்க அந்த டிடெக்டிவ் மேடம்தானே"ன்னு கேட்டுட்டார்.

அதனால ஃபீல்ட்ல நிக்க உங்களுக்கு பதிலா மூணு நம்பிக்கையான ஆளுங்க தயாராகற வரைக்கும் முகத்தை வெளிய காட்டாதீங்க. இன்ஸ்டா, வாட்ஸ்அப் டிபில முகம் வேண்டாம், விளம்பரத்துல ஏஜென்சி பேரும் நம்பரும் மட்டும். முடிஞ்ச கேஸை பேரை மாத்தி சொல்றேன்னு கூட சொல்லாதீங்க, ஊரும் தொழிலும் சொன்னா சொந்தக்காரங்களுக்கு தெரிஞ்சிடும். அது வரைக்கும் உங்க பேர் பரவ வேண்டிய இடம் குடும்ப நல கோர்ட் வக்கீலுங்களும் கம்பெனி எச்.ஆர். ஆளுங்களும்தான். குறுக்கு விசாரணைல நிக்கற ரிப்போர்ட் ஒண்ணு கொடுத்தீங்கன்னா அந்த வக்கீல் அடுத்த ரெண்டு கேஸை அவரே அனுப்புவார், எனக்கு இன்னைக்கு வர்ற கேஸ்ல பாதிக்கு மேல அப்படி வந்ததுதான்.